திருப்பக் கூடாத முட்டை

இரண்டு வாரங்களுக்கு முன்னர் இப்பகுதியிற் கோழியை அடைவைக்கும் முறை பற்றி எழுதியிருந்தேன். கடகத்தில் மணலும் உமியும் பரப்புவது, முட்டைகளை ஒற்றைப்பட எண்ணி வைப்பது, இடி முழக்கத்துக்கு அஞ்சி இரும்புத் துண்டொன்றையும் கரித்துண்டொன்றையும் உடன் வைப்பது முதலிய நம் பாட்டிமாரின் வழக்கங்களை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அதன்பின் வந்த கடிதங்களிற் பெரும்பாலானவை கூழ்முட்டைகளைப் பற்றிய முறைப்பாடுகள். அவற்றுக்கு வேறொரு ஞாயிற்றுக்கிழமை விடை கூறுவேன். ஒரு கடிதம் மட்டும் என் மேசையிலே தனியாகக் கிடக்கின்றது.

எழுதியவர் பதினோராந் தரத்திற் கற்கும் ஒரு மாணவர். தம் வீட்டு வளவின் கோடியில், மக்கிய பனையோலையும் குப்பையும் குவிந்து கிடந்த மேட்டைக் கிளறியபோது பத்து வெள்ளை முட்டைகளைக் கண்டாராம். ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தனவாம். கோது கோழிமுட்டைக் கோதுபோல் வன்மையாயில்லாது, தோல்போல் மெத்தென்றிருந்ததாம். "பாம்பு முட்டை என்று அப்பு கூறுகின்றார். தாங்கள் எழுதிய முறைப்படி இவற்றையும் பெட்டியில் வைத்துப் பொரிக்கச் செய்யலாமா? நாளுக்கு எத்தனை தரம் திருப்பி வைத்தல் வேண்டும்?" என்று கேட்டிருக்கின்றார்.

முதற் கேள்விக்கு விடையை உடனே கூறிவிடுகின்றேன். தம்பி, வேண்டாம். கிளறிய மண்ணையும் ஓலையையும் அவ்வாறே மீண்டும் மேலே போட்டு மூடிவிடுங்கள். குப்பை மேட்டில் முட்டையிடும் பாம்பு சாரையாயும் இருக்கலாம், நாகமாயும் இருக்கலாம். முட்டையைப் பார்த்த அளவில் இன்னதென்று சொல்லிவிட நம்மால் இயலாது. நாகபாம்பின் குஞ்சுக்கு முட்டையை விட்டு வெளிவரும்போதே பல்லும் உண்டு, நஞ்சும் உண்டு. "சின்னக் குஞ்சுதானே" என்று கையிலெடுத்தவர்கள் வைத்தியசாலைக்குப் போக நேரும். தவிர, நம் நாட்டிலே காட்டுயிர்களைப் பிடித்து வீட்டில் அடைத்து வைப்பதற்குச் சட்டமும் குறுக்கே நிற்கின்றது. அந்த மேடு வீட்டுக்கு மிக அண்மையில், சிறு பிள்ளைகள் விளையாடும் இடத்திலே இருக்குமாயின், வனசீவராசிகள் திணைக்களத்தாருக்கு அறிவியுங்கள். அவர்களுக்கு அதில் பழக்கம் உண்டு.

என்னைத் தைத்தது இரண்டாவது கேள்வி. "எத்தனை தரம் திருப்ப வேண்டும்?" இதே கேள்வியை 2021ஆம் ஆண்டிலே என் மருமகள் என்னிடம் தொலைபேசியிற் கேட்டாள். நான் விடை சொன்னேன். அந்த விடையினாற் பன்னிரண்டு உயிர்கள் போயின. இதுவரை இப்பகுதியில் அதனை நான் எழுதியதில்லை.

என் தமக்கையார் குடும்பத்துடன் இலண்டன் மாநகரின் புறத்தே வாழ்கின்றார். அவருடைய இளைய மகள் பள்ளியில் உயிரியல் கற்றுவந்தாள். மற்றப் பிள்ளைகள் பூனை கேட்பார்கள், நாய் கேட்பார்கள். இவள் பாம்பு கேட்டாள். ஈராண்டு அழுகையும் அடமும் நடந்தபின், அத்தான் மனமிரங்கி ஒரு சோளப்பாம்பை வாங்கிக் கொடுத்தார். அதற்குப் பொன்னி என்று பெயரிட்டாள் மருமகள். அக்கா அதனைப் பெயர் சொல்லி அழைத்ததே கிடையாது. "அது" என்றுதான் சொல்லுவார்.

சோளப்பாம்பு அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதிக்கு உரியது. புளோரிடா முதலிய மாநிலங்களிலே பைன் காடுகளிலும் பழைய களஞ்சியங்களிலும் காணப்படும். நம் சாரையைப்போல எலி பிடித்துத் தின்பது. நஞ்சில்லாதது. இரையை உடலாற் சுற்றி நெருக்கிக் கொல்வது. வளர்ந்தால் நான்கைந்து அடி நீளம் இருக்கும். செம்மஞ்சள் உடலில் கருங்கரையிட்ட செந்நிறத் திட்டுகள் வரிசையாக ஓடும். அடிவயிற்றில் கறுப்பும் வெள்ளையும் சதுரம் சதுரமாக மாறி மாறி இருப்பது அந்நாட்டுப் பலநிறச் சோளக்கதிரின் மணிகளை ஒக்கும் என்பர். பெயர் வந்ததற்கு அது காரணம் என்பாரும் உளர், சோளக் களஞ்சியத்தில் எலி தேடித் திரிவதே காரணம் என்பாரும் உளர். சாதுவான குணமும் சிறிய உடலும் கொண்டதனால், அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீடுகளில் மிகுதியாக வளர்க்கப்படும் பாம்புகளில் இதுவும் ஒன்று. இங்கிலாந்திலே நஞ்சுப்பாம்பு வளர்க்க 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உரிமப்பத்திரம் வேண்டும். சோளப்பாம்புக்கு அது வேண்டியதில்லை. அங்கே விற்கப்படுவன பல தலைமுறைகளாகக் கூட்டிலேயே பிறந்து வளர்ந்தவை. குப்பை மேட்டிற் கண்டெடுத்த முட்டைக்கும் அவற்றுக்கும் உள்ள வேற்றுமை இதுதான்.

2021இல், பள்ளித் தோழி ஒருத்தியின் ஆண்பாம்பைக் கொணர்ந்து பொன்னியோடு சேர்த்தாள் மருமகள். சில வாரங்களிற் பன்னிரண்டு முட்டைகள் கிடைத்தன. மகிழ்ச்சி தாங்காமல் எனக்குத் தொலைபேசியில் அழைத்தாள். "மாமா, நீங்கள் ஊரிலே கோழி அடைவைத்தவர் அல்லவா, என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டாள். யானோ இப்பகுதியில் ஆண்டுக்கணக்காக அறிவுரை எழுதிப் பழகியவன். அறியாததை அறியேன் என்று சொல்லும் நா எனக்கில்லாது போயிற்று. "சூட்டைக் குறையவிடாதே. நாளுக்கு இரண்டு தரமாவது முட்டைகளைத் திருப்பி வை. அல்லாவிட்டாற் கரு கோதில் ஒட்டிக்கொள்ளும்" என்றேன். அவள் அப்படியே செய்தாள். முதல் வாரத்தில் இருட்டறையில் ரோச் வெளிச்சம் பிடித்துப் பார்த்தபோது உள்ளே இளஞ்சிவப்பாகவும், நரம்புபோற் செவ்விழைகள் ஓடுவதாகவும் தெரிந்ததாம். மூன்றாம் வாரத்தில் அவ்விழைகள் மறைந்தன. முட்டைகள் மஞ்சளாகிச் சுருங்கின. பின்னர் நாறின. அவள் அழுதுகொண்டு சொன்ன அந்நாளில், ஏதோ நோயாயிருக்கும் என்று தேற்றினேன். காரணம் இன்னதென்று எனக்கு அப்போது தெரியாது. தெரிந்துகொள்ளப் புத்தகம் தேடியதும் பின்னர்தான்.

கோழிமுட்டையை உடைத்து ஊற்றும்போது மஞ்சட்கருவின் இருபுறத்திலும் முறுக்கிய வெண்கயிறுபோல ஒன்று கிடப்பதை நம் தாய்மார் நாள்தோறும் காண்கின்றார்கள். மஞ்சட்கருவை நடுவிலே தொங்கவிட்டு வைப்பது அந்தக் கயிறுதான். முட்டை எப்பக்கம் புரண்டாலும் மஞ்சட்கரு சுழன்று, கரு வளரும் புள்ளி மேலே வந்துவிடும். ஆகவே தாய்க்கோழி அலகினாற் புரட்டுவது தீங்கில்லை. புரட்டாவிட்டாற்றான் கரு ஓரிடத்திலே ஒட்டிக் கெடும். பாம்பின் முட்டையிலே அந்தக் கயிறு கிடையாது. இட்ட சிறிது காலத்துக்குள் கரு முட்டையின் மேற்பக்கத்திலே தங்கி, அங்கே கோதின் உட்புறத்தோடு தன் சவ்வுகளைப் பதித்துக்கொள்கின்றது. அதன் மூச்சு அவ்வழியாகத்தான். அதைத் தலைகீழாக்கினால் மஞ்சட்கருவின் பாரம் முழுவதும் கருவின்மேல் வந்து விழுகின்றது. ஒருமுறை தவறிப் புரண்ட முட்டை பிழைப்பதும் உண்டு. நாளுக்கு இருமுறை புரட்டினால் எது பிழைக்கும்? அதுவன்றி, புரட்டுவதற்காக ஒவ்வொரு தரமும் மூடியைத் திறந்ததனால் பெட்டியின் ஈரமும் போய்விட்டது. தோற்கோதுடைய முட்டைக்கு ஈரம் போவது உயிர் போவதற்கு ஒப்பு.

மறு ஆண்டு, அதாவது 2022இல், அக்காவின் மூத்த மகளுக்குத் திருமணம். நாட்டிலே எரிபொருளுக்கு மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலம் அது. கட்டுநாயக்காவுக்குப் போய்ச் சேர்ந்ததே ஒரு கதை. வைகாசிக் கடைசியில் இலண்டன் போய் இறங்கினேன். வீட்டிலே பலகாரச் சூடும் கூறைச்சேலைப் பேச்சும் நிறைந்திருந்தன. மேல்மாடி அறையில் பொன்னி தோலுரித்துக்கொண்டிருந்தாள். முட்டையிடுவதற்கு ஏறத்தாழப் பத்து நாட்களுக்கு முன் சோளப்பாம்பு ஒருமுறை தோலுரிக்கும். அதைக் கண்டதுமே மருமகள் ஈரப்பாசி நிரப்பிய பெட்டியொன்றைக் கூட்டினுள் வைத்துவிட்டாள். யூன் 12ஆந் தேதி ஞாயிற்றுக்கிழமை காலையில் அதனுள் பதினான்கு முட்டைகள் கிடந்தன. மாப்பிள்ளை வீட்டார் அன்று மாலை வருவதாக இருந்தது. "உந்த அறைக் கதவைப் பூட்டித் திறப்பை என்னிடம் தா. வாயும் திறக்கக் கூடாது" என்றார் அக்கா.

இம்முறை நான் அறிவுரை ஏதும் கூறவில்லை. மருமகள் செய்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் மென்மையான பென்சிலால் ஒவ்வொரு முட்டையின் மேற்புறத்திலும் ஒரு சிறு புள்ளி இட்டாள். எப்பக்கம் மேலே இருந்ததோ அப்பக்கமே இறுதிவரை மேலே இருப்பதற்கு அடையாளம் அது. ஒட்டிக் கிடந்தவற்றைப் பிரிக்கவில்லை, கூட்டமாகவே எடுத்து வைத்தாள். இரண்டு முட்டைகள் சிறியனவாயும் மஞ்சளாயும் இருந்தன. அவை கருக்கொள்ளாதவை. தனித்துக் கிடந்தமையால் அவற்றை விலக்கினாள்.

பெட்டி இரண்டு. வெளிப்பெட்டி, நம்மூர் மீன்காரர் ஐஸ் போட்டு மீன் கொண்டுவரும் வெண்ணிற றெஜிபோம் பெட்டி. அதன் அடியிலே சூடேற்றும் மின்பாய் ஒன்று. சூட்டை அறிந்து தானே மின்னோட்டத்தை நிறுத்தியும் விட்டும் நடத்தும் கருவியொன்று அதனோடு இணைந்திருந்தது. உள்ளே வைப்பது மூடியுள்ள சிறிய பிளாஸ்ரிக் பெட்டி. அதனுள் வேர்மிக்குலைற் என்னும் தூளைப் பரப்பினாள். அது அபிரகம் போன்ற ஒரு கல்லைச் சுட்டுப் பொரியச் செய்து பெறுவது. பொரிமாப்போல இலேசானது. தோட்டக்காரர் நாற்றுமேடைக்கு வாங்குவர். தூளின் நிறைக்குச் சமமான நிறை தண்ணீர் விட்டுப் பிசைந்தாள். கையில் அள்ளிப் பிழிந்தால் உருண்டையாக நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. புட்டுக்கு மா குழைத்துப் பழகிய கைகளுக்கு இது விளங்கும். அக்கா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் தண்ணீர் தெளி, வறண்டு கிடக்கிறது" என்று தம்மையறியாமலே கூறியது எனக்கு இன்றும் நினைவிருக்கின்றது. முட்டைகளைப் பாதி புதையும்படி குழியில் வைத்து, சூட்டை 28 பாகை செல்சியஸில் நிறுத்தி, மூடியை மூடினாள். இச்சூட்டில் ஏறத்தாழ அறுபது நாளிற் குஞ்சு வரும். இரண்டொரு பாகை குறைந்தால் நாட்கள் நீளும், அவ்வளவுதான். 32 பாகைக்கு மேல் ஏறினாலோ, முள்ளந்தண்டு வளைந்த குஞ்சுகள் பிறக்கும், அல்லது கரு இறக்கும். குளிரினும் சூட்டுக்கே அஞ்ச வேண்டும்.

"தாய் இருக்க இத்தனை கூத்து எதற்கு? அதுவே படுத்து அடைகாக்கட்டுமே" என்றார் அக்கா. நியாயமான கேள்விதான். சோளப்பாம்பு முட்டையை ஈரமும் வெப்பமும் உள்ள இடத்தில் இட்டுவிட்டுத் தன் வழியே போய்விடும். திரும்பிப் பாராது. எல்லாப் பாம்புகளும் அத்தகையன அல்ல. வன்னியில் வெங்கணாந்தி என்று வழங்கும் நம் மலைப்பாம்பு தன் முட்டைகளைச் சுற்றி வளையமிட்டு, தலையை மேலே வைத்து, இரண்டு மாதம்வரை அங்கேயே கிடக்கும். கிடப்பது மட்டுமன்று. குளிர் கூடினால் உடலைத் துடிதுடிக்கச் செய்து சூடுண்டாக்கும். 1830களிலே ஒரு பிரெஞ்சுப் பயணி இந்திய மலைப்பாம்பைப் பற்றி இவ்வாறு சொன்னபோது, குளிர்க்குருதியுடைய பிராணி எங்ஙனம் சூடளிக்கும் என்று பாரிஸ் அறிஞர்கள் நம்பமறுத்தனர். 1841இல் அதே பாரிஸ் நகரத்து விலங்குச்சாலையில் மலைப்பாம்பொன்று முட்டையிட்டு அடைகாத்தபோது, வலன்சியென் என்ற அறிஞர் அதன் சுருள்களுக்கிடையே வெப்பமானியை வைத்து, பயணி சொன்னது மெய்யென்று கண்டார். அதற்கும் பின்னர் 1966இல் நியூயோர்க் விலங்குச்சாலையில் மூவர் நுணுக்கமாக அளந்து, தசைத் துடிப்பினாலேயே அச்சூடு பிறக்கின்றதென்று வெளியிட்டனர். இவற்றை நான் அக்காவுக்கு எடுத்துரைத்தேன். "அப்போ உங்கட பொன்னிக்குத்தான் தாய்க்குணம் இல்லை" என்று கூறிக்கொண்டு, பருத்தித்துறை வடை சுடப் போய்விட்டார். அவர் பெயரைச் சொன்னதை நானும் மருமகளும் ஒருவரையொருவர் பார்த்துக் குறித்துக்கொண்டோம்.

திருமணம் சிறப்பாக நடந்தேறியது. அதைப்பற்றி எழுதினால் இப்பகுதி போதாது.

வாரத்துக்கு ஒருமுறை மட்டும் மருமகள் மூடியைத் திறந்து, புதுக்காற்றுப் புகவிட்டு, ஓரத்திலே சிறிது தண்ணீர் விடுவாள். முட்டைமேல் விடமாட்டாள். முட்டைகள் நீரை உறிஞ்சிப் பருத்து வந்தன. தோற்கோது அவ்வாறு இடங்கொடுப்பது. ஒரு முட்டையில் மட்டும் பூஞ்சணம் பற்றிற்று. எடுத்தெறிந்துவிடலாமே என்று நா நுனிவரை வந்த சொல்லை விழுங்கினேன். அது மற்றவற்றோடு ஒட்டியிருந்தது. பிரிக்கப் புகுந்தாற் பக்கத்து முட்டையின் கோது கிழியலாம். உயிருள்ள முட்டையைப் பூஞ்சணம் பெரும்பாலும் வெல்லாது என்றாள் அவள். அதனால் அந்தக் கெட்ட முட்டை கடைசிவரை தன் கூட்டத்தோடேயே கிடந்தது. நல்லவை பதினொன்று.

யூலை மாதம் 18ஆந் தேதி வந்தது. இங்கிலாந்திலே அவ்வாண்டு அடித்த வெயிலை நேயர்கள் செய்திகளில் அறிந்திருப்பார்கள். 19ஆந் தேதி செவ்வாய்க்கிழமை அந்நாட்டிலே முதன்முறையாக வெப்பமானி 40 பாகையைத் தாண்டிற்று. இலண்டன் ஹீத்துரோ விமான நிலையத்தில் 40.2 பாகை. நமக்கு அது பெரிதல்ல என்று எண்ணவேண்டாம். அந்த வீடுகள் குளிரை வெளியே நிறுத்தவும் சூட்டை உள்ளே பிடித்து வைக்கவும் கட்டப்பட்டவை. கூரைக்குக் கீழுள்ள அறை போறணைபோல் ஆயிற்று. அத்தான் வேலையில். காலையிலேயே வெளியே போன மருமகள், இரயில்கள் தடைப்பட்டமையால் வழியில் அகப்பட்டுக்கொண்டாள். நண்பகலில் தொலைபேசியில் அவள் குரல் நடுங்கிற்று. "மாமா, பெட்டியைப் பாருங்கள்."

பார்த்தேன். மின்பாய் தானாகவே நின்றிருந்தது. இருந்தும் பெட்டிக்குள் 30.5 பாகை. அறையில் 36. முட்டைகளுக்கு அன்று முப்பத்தேழாம் நாள். பெட்டியின் தடித்த சுவர்கள் சிறிது நேரம் தாங்கும், பின்னர் அறையின் சூடு உள்ளேயும் வந்துவிடும். படிக்கட்டின் கீழே, சாமான் போடும் சிறு அறை ஒன்று உண்டு. வீட்டில் வெயில் தொடாத இடம் அது ஒன்றே. பெட்டியை அங்கே கொண்டுபோக வேண்டும். சரியாகப் பதின்மூன்று படிகள். புரளக் கூடாது, சரியக் கூடாது, இடிபடக் கூடாது. என் கைகள் அந்தப் பெட்டியைத் தூக்க மறுத்தன என்பதை ஒளிக்காமல் எழுதுகின்றேன். முன்னாண்டுப் பன்னிரண்டும் என் கண்முன்னே நின்றன.

"தள்ளு தம்பி" என்றார் அக்கா. எப்போது மேலே வந்தாரோ தெரியாது. சேலைத் தலைப்பை இடுப்பிற் செருகிக்கொண்டு, உட்பெட்டியை இரு கைகளாலும் ஏந்தினார். நிறைகுடத்தைச் சுமப்பவர்போல ஒவ்வொரு படியாக, இரண்டு காலும் ஒரே படியில் நின்ற பின்னரே அடுத்த படி என்று இறங்கினார். நான் முன்னே நின்று பின்பக்கமாக இறங்கினேன். ஒருவரும் பேசவில்லை. கீழே கல்தரையில் ஈரத் துவாயை நாலாய் மடித்து விரித்து, அதன்மேல் பெட்டியை வைத்தார். தண்ணீர்ப் போத்தல்கள் இரண்டை உறைபெட்டியிலிருந்து எடுத்துத் துணி சுற்றி, பெட்டியிற் படாமற் சாண் தூரத்தில் நிறுத்தினோம். ஒரு மணி நேரத்தில் 29 பாகைக்கு இறங்கிற்று. பனிக்கட்டி உருக உருகப் போத்தலை மாற்ற வேண்டியிருந்தது. ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு அக்கா அங்கேயே உட்கார்ந்துவிட்டார். இரவு மருமகள் வியர்த்து விறுவிறுத்து ஓடிவந்தபோது, வெப்பமானியைக் கையில் வைத்தபடி சுவரிற் சாய்ந்து உறங்கிக்கொண்டிருந்தார்.

அறுபதாம் நாள் ஓகஸ்ட் 11. அன்றும் வெயில்தான், ஆனால் முன்போற் கொடுமையில்லை. பொரிப்பதற்குச் சில நாட்கள் முன்னர் முட்டைகளின் மேற்புறம் சிறிது குழிந்து சுருங்கிற்று. அது கெட்ட குறியன்று, குஞ்சு முற்றியதன் அறிகுறி. காலையிலே ஒரு முட்டையின் கோதில் சவர அலகால் வெட்டியதுபோல மூன்று கீறல்கள். பாம்புக் குஞ்சின் மேலுதட்டு நுனியில், வெட்டுவதற்கென்றே ஒரு பல் முன்னோக்கி நீண்டிருக்கும். கோழிக்குஞ்சின் அலகு நுனியிலுள்ளது தடித்த தோற்கட்டி. பாம்புக் குஞ்சினுடையது மெய்யான பல். வெளிவந்த சில நாளில் அது விழுந்துவிடும். மாலையில் அக்கீறலின் வழியே விரல் நுனியளவு தலையொன்று தோன்றிற்று. எங்களைக் கண்டதும் உள்ளே போய்விட்டது. மீண்டும் வந்தது. மீண்டும் போயிற்று.

இவ்விடத்திலேதான் பொறுமையற்றவர்கள் பெருந்தவறு செய்வது. தலை தெரிந்த பின்னும் குஞ்சு ஒரு நாளோ இரண்டு நாளோ கோதுக்குள்ளேயே இருக்கும். மிஞ்சிய மஞ்சட்கருவைத் தன் வயிற்றினுள் இழுத்துக்கொள்ளும் காலம் அது. "பாவம், வெளியேற முடியாமற் கிடக்கிறதே" என்று கோதைப் பிய்த்து இழுத்தால் அந்தப் பை கிழிந்து குஞ்சு இறக்கும். அக்கா இரவிலே இருமுறை வந்து எட்டிப் பார்த்தார். "இன்னும் வரவில்லையே, கொஞ்சம் உதவினால் என்ன?" என்று கேட்டார். இம்முறை வேண்டாம் என்று சொன்னவன் நான். ஓகஸ்ட் 13ஆந் தேதிக்குள் பதினொன்றும் வெளிவந்தன. ஒவ்வொன்றும் ஒரு சாணுக்குச் சிறிது கூடிய நீளம். எழுதுகோலினும் மெலிந்த உடல். ஒன்று அக்காவைப் பார்த்துத் தலையைத் தூக்கிச் சீறியது. "கோபத்தைப் பார்" என்று அவர் சிரித்தார்.

உயிரியல் கற்கும் மாணவர்களுக்கு ஒரு செய்தி. பதினொன்றில் எட்டுத் தாயைப்போலக் கருங்கரையோடு கூடியவை. மூன்று மட்டும் கறுப்பே இல்லாத செந்நிறமும் சிவந்த கண்களும் உடையவை. தாயும் தந்தையும் பார்வைக்குச் சாதாரண நிறத்தினவாயிருக்க இது எங்ஙனம் வந்தது? கருநிறப்பொருள் உண்டாகாமையாகிய பின்னிடைவு இயல்பை இரண்டும் மறைவாகச் சுமந்திருந்தன. அதனை இரு பக்கத்திலுமிருந்து பெற்ற குஞ்சிலேதான் அது வெளிப்பட்டது. மெண்டலின் விதிப்படி நான்கில் ஒன்று. பதினொன்றில் மூன்றென்பது அதற்கு அண்மையே. ஆனால் ஒரு சூலில் இரண்டும் வரலாம், ஐந்தும் வரலாம். ஆண், பெண் என்பது கருவின் நிறமூர்த்தங்களால் முன்னரே முடிவானது. கடலாமை முட்டைகளில் மணலின் சூடு அதனை முடிவுசெய்வதுபோல இங்கே நடப்பதில்லை.

பத்து நாளளவில் ஒவ்வொன்றும் முதற் தோலை உரித்தது. அதன்பின்னரே இரை உண்ணும். உறையவைத்து விற்கப்படும் பிறந்த எலிக்குஞ்சை இளஞ்சூட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். பதினொன்றில் இரண்டு உண்ண மறுத்தன. அவற்றுள் ஒன்று இறந்துபோயிற்று. எல்லாம் சரியாகச் செய்தும் அவ்வாறு நேர்வதுண்டு என்று வளர்ப்போர் கூறுவர். மற்றப் பத்துக்கும் வீடு தேடுவது முட்டை பொரிப்பதினும் பெரிய வேலையாயிற்று. வேண்டாமென்று தோட்டத்திலே விட்டுவிடவும் முடியாது. அந்நாட்டுக்கு உரித்தல்லாத பிராணியை வெளியே விடுவது 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஒரு சோளப்பாம்பு பதினைந்து இருபது ஆண்டு வாழும். வாங்குபவர் அத்தனை காலம் பார்ப்பாரா என்று மருமகள் ஒவ்வொருவரையும் குறுக்குக் கேள்வி கேட்டுத் திருப்பியனுப்பியதில் கார்த்திகை பிறந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் பொன்னிக்குத் துணை தேடவில்லை.

இப்போது அவள் பல்கலைக்கழக விடுதியில் இருக்கின்றாள். விடுதியிற் பாம்பு வைத்திருக்க இடந்தரமாட்டார்கள். ஆகையாற் பொன்னியைப் பார்ப்பவர் அக்காதான். சென்ற வாரம் தொலைபேசியிற் பேசியபோது, "தம்பி, பொன்னி பத்து நாளாக ஒன்றும் தின்னவில்லை, கண் வெளுத்துக் கிடக்கிறது, என்னவாயிருக்கும்?" என்று கேட்டார். தோலுரிக்கப் போகிறது போலும், கூட்டில் ஈரப்பாசி வையுங்கள், மற்றும்படி மகளிடமே கேளுங்கள் என்றேன்.

கடிதம் எழுதிய மாணவர் மேட்டை மூடிய செய்தியை எனக்கு ஓர் அஞ்சலட்டையில் எழுதுவாராக. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூழ்முட்டைகளைப் பார்ப்போம்.